திரைக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்?

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம். பரிசோதனை இலவசம். கண்புரை என்று தெரிந்தால் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இத்தனை வசதி வாசலுக்கே வரும்போது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் கண்ணில் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்திருப்பார்கள்?

100-க்கு 7 பேர்கூட வரவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் நடத்திய கிராமங்களில் மக்களிடம் விசாரித்து, 1999-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்ன உண்மை இது. வராதவர்கள் சொன்ன காரணங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே கேட்டிருப்போம். ஆபரேஷன் என்றால் பயம். கையில் காசு இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. வயசாகிவிட்டது, இனிமேல் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இருக்கிற பார்வையோடு காலத்தை ஓட்டிவிடலாம்.

முகாம் நடத்தியவர்கள் இந்த எண்ணிக்கையை மூடி மறைக்கவில்லை. முகாம் ஒருநாள் வந்து போய்விடுகிறது. நோயோ 365 நாளும் கூடவே இருக்கிறது. அப்படியானால் வேண்டியது, அந்த ஊர்ப் பக்கத்திலேயே நிரந்தரமாகத் திறந்திருக்கும் ஒரு கதவு. ஊருக்கு ஊர் கண் டாக்டரை உட்காரவைக்க முடியாது. டாக்டர் நகரத்தில் இருந்தபடியே கிராமத்து நோயாளியைப் பார்க்க வழி உண்டா? கிராமங்களுக்கான டெலிமெடிசின் என்ற தொலைமருத்துவத்தின் தொடக்கக் கேள்வி இதுதான். இந்தியா இந்தக் கேள்வியோடு கால் நூற்றாண்டாகப் பழகியிருக்கிறது. அந்த அனுபவத்தில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு. எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை உரக்கச் சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு டாக்டரைப் பார்க்க ஒரு நாள்

கிராமத்தில் இருப்பவர் நகரத்துக்குப் போய் நிபுணரைப் பார்ப்பது என்றால் என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிகாலைப் பேருந்து. தனியாகப் போக முடியாதவர் என்றால் துணைக்கு மகனோ மகளோ வரவேண்டும். ஆக, இரண்டு பேரின் கூலி அன்றைக்குப் போயிற்று. டோக்கன், காத்திருப்பு, ஸ்கேனுக்கு ஓரிடம், ரத்தப் பரிசோதனைக்கு வேறிடம். ரிசல்ட் நாளைக்கு என்றால் இன்னொரு பயணம். டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். இன்னொரு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்? சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநோய் போன்ற நீண்டகால நோய்களில் சிகிச்சை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அரசு மருத்துவமனைகளில் நிபுணர்கள் இல்லையா? மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டு ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, நாடு முழுவதும் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான நிபுணர்களில் 100-க்கு ஏறத்தாழ 80 பேர் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர், மகப்பேறு மருத்துவர், பொதுமருத்துவ நிபுணர், குழந்தை மருத்துவர் என்று நான்கு துறைகளிலும் இதே நிலைதான். எத்தனை மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தாலும் இந்தப் பள்ளத்தை ஐந்து பத்து ஆண்டுகளில் நிரப்பிவிட முடியாது. அதுவரை கிராமத்து மக்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வானத்திலிருந்து வந்த இணைப்பு

2000 மார்ச் மாதம். ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமம். அப்போலோ மருத்துவமனையின் நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். அங்கே அமைந்த தொலைமருத்துவ மையத்தை அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை மருத்துவத்துக்குத் திறந்துவிட்டது. அந்தமானின் போர்ட் பிளேர் அரசு மருத்துவமனை, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைந்தது. சென்னை சங்கர நேத்ராலயா 2003-இல் கண் பரிசோதனைக் கருவிகளோடு ஒரு பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பி, செயற்கைக்கோள் வழியாக டாக்டர்களைப் பேசவைத்தது.

செல்போனில் வீடியோ பார்க்கும் காலம் வருவதற்கு முன்பு நடந்தவை இவை. அன்றைய நிலையில் பெரிய சாதனைதான். ஆனால், இணைப்பு போன எல்லா இடங்களிலும் சேவை நிலைத்துவிடவில்லை. டிஷ் ஆன்டெனாவும் திரையும் வந்து இறங்கின. அவற்றை நாள்தோறும் இயக்கவும், நோயாளியைத் தயார்படுத்தி உட்காரவைக்கவும், டாக்டர் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லாத இடங்களில் அவை காட்சிப்பொருளாக நின்றன. ஆள் இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சூனாம்பேடு நல்ல சாட்சி.

சூனாம்பேடு சொன்ன பாடம்

சென்னைக்குத் தெற்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது சூனாம்பேடு. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகனின் குழு 2006-இல் இந்தப் பகுதியின் 42 கிராமங்களை எடுத்துக்கொண்டது. விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, ஈசிஜி, காலில் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதிக்கும் கருவிகள் ஆகியவற்றோடு ஒரு வேன் ஊர் ஊராகப் போனது. படங்களும் அளவுகளும் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியே சென்னையிலிருந்த நிபுணர்களைச் சேர்ந்தன.

அந்த 42 கிராமங்களில் இருந்த பெரியவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேருக்குப் பரிசோதனை நடந்தது. அதாவது 86 சதவீதத்துக்கும் மேல். கண் முகாமுக்கு 7 பேர்கூட வராத கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நோயும் வேறு, பகுதியும் வேறுதான். என்றாலும், ஊருக்குள்ளேயே தங்கி, உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் பேசினால் மக்கள் வருகிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

இன்னும் முக்கியமான எண்ணிக்கை ஒன்று உண்டு. சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. மற்ற எல்லோருக்கும் உள்ளூரிலேயே சிகிச்சை கொடுக்க முடிந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, ஓராண்டுக்குள் சராசரியாக 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றுக்கு வரும் ஆபத்து இப்படி அளவு இறங்க இறங்கத்தான் குறையும்.

சென்னையில் இருந்த நிபுணரின் பங்கு இதில் பெரிதுதான். ஆனால் அந்தப் பங்கு மக்களைப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், வேனில் போன பணியாளர்களும், பிறகு அங்கேயே நிரந்தரமாக அமைந்த கிராமப்புறச் சர்க்கரை நோய் மையமும்.

தேனி வழியாக ஒரு புதிய கதவு

அரவிந்த் மருத்துவமனைக்குத் திரும்புவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை செய்த மனிதர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது என்ற ஒரே நோக்கத்தோடு இந்த வேலையில் இறங்கினார். முகாம்கள் எல்லோரையும் எட்டவில்லை என்பது தெரிந்ததும் அவருடைய நிறுவனம் எடுத்த அடுத்த அடிதான் கண் பரிசோதனை மையங்கள். விஷன் சென்டர் என்றே மக்களிடம் பெயர்.

சிறு ஊர்களில் கடைத்தெருவை ஒட்டி ஒரு வாடகைக் கட்டடம். சுமார் 50,000 மக்களுக்கு ஒரு மையம் என்பது கணக்கு. டாக்டர் இருக்கமாட்டார். இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர் இருப்பார். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். மக்கள் இவர்களைச் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள்.

சிஸ்டர் பார்வையின் அளவை எடுக்கிறார், கண்ணாடி எண் பார்க்கிறார், கண்ணழுத்தம் அளக்கிறார், ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணின் முன்பகுதியைச் சோதிக்கிறார், தேவைப்பட்டால் விழித்திரையைப் படம் எடுக்கிறார். எல்லாம் கணினியில் பதிவாகி மருத்துவமனையில் இருக்கும் டாக்டருக்குப் போகிறது. டாக்டர் பதிவைப் பார்த்துவிட்டு, வீடியோவில் நோயாளியிடமே பேசுகிறார். கண்ணாடி வேண்டும் என்றால் அங்கேயே கிடைக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர் மட்டும் மருத்துவமனைக்குப் போகிறார். பெரும்பாலானோர் நடந்தோ ஒரே பேருந்திலோ வந்து, வேலை முடிந்து, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். இன்று இப்படி 100-க்கும் மேற்பட்ட மையங்கள் நடக்கின்றன.

தேனிப் பகுதியில் இவை தொடங்கியபோது கிராமங்களில் நல்ல இணைய வசதி இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூயர் தலைமையிலான குழு, வீட்டுக்குள் பயன்படும் சாதாரண வைஃபை தொழில்நுட்பத்தையே மாற்றியமைத்து, உயர்ந்த கோபுரங்களில் திசைநோக்கி ஆன்டெனா கட்டி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு வீடியோவை அனுப்பிக் காட்டியது. பிறகு ஒரு சங்கதி தெரிந்தது. இணைப்பு அறுந்துபோனதற்கு ரேடியோ அலையைவிடப் பெரிய காரணமாக இருந்தது மின்சாரம். திடீரென்று ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பாழாக்கியது. தொலைவில் இருக்கும் பொறியாளர் வந்து சேரும்வரை மையம் முடங்கிக் கிடக்கும். உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பழுது கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் அந்த வலைப்பின்னல் நிலைத்து நின்றது.

இன்றைய புதுவரவு செயற்கை நுண்ணறிவு. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் மென்பொருள் பற்றி கூகுள் குழு 2016-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளும் அந்தப் பணியில் பங்கெடுத்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம் என்று ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்க்க நாட்டில் டாக்டர்கள் போதாது. எனவே மென்பொருள் பெரிய துணையாகும். ஆனால் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் இதே போன்ற மென்பொருளைப் பயன்படுத்தியபோது, முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. படம் எடுத்த அறையில் போதிய இருட்டு இல்லாதது ஒரு முக்கியக் காரணம். ஜன்னலுக்குத் திரை போடுவதும், கண்ணை அசைக்காமல் இருக்கும்படி பாட்டியிடம் பொறுமையாகச் சொல்வதும் ஒரு மனிதக் கையின் வேலை. எந்த மென்பொருளும் அதைச் செய்து தராது.

மனதுக்கும் இதயத்துக்கும்

மனநல மருத்துவத்தில் தூரம் இன்னும் பெரியது. மனச்சிதைவு நோய் உள்ளவரை வெளியூருக்குக் கூட்டிப்போவது குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு பகுதி ஆலோசனை அறை. திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார். இன்னொரு பகுதி மருந்தகம். எழுதிய மருந்தை அப்போதே வாங்கிக்கொண்டு போகலாம். பேருந்தின் வெளிப்புறத் திரையில் மனநோய் பற்றிய விழிப்புணர்வுப் படங்கள் ஓடும். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய் நோயாளிகளை அடையாளம் காண்பார்கள். மருந்தை நிறுத்திவிட்டவரைத் தேடிப்போய்ப் பேசுவார்கள். மந்திரம், கயிறு, பரிகாரம் என்று அலைந்து ஓய்ந்த குடும்பங்களிடம் முதலில் நம்பிக்கை பெற்றவர்கள் இவர்கள்தான்.

மாரடைப்பில் கணக்கு மாதங்களில் இல்லை, நிமிடங்களில். நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சிறிய மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, அதை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, எங்கே கொண்டுபோவது, எந்த மருந்தை இப்போதே கொடுப்பது என்று முடிவு செய்யும் முறை தமிழ்நாட்டில் நான்கு மருத்துவமனைக் குழுமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,420 நோயாளிகள். முடிவு 2017-இல் வெளியானது. இந்த ஏற்பாட்டுக்கு முன்பு ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், ஏற்பாட்டுக்குப் பின்பு 14.2 சதவீதம். 100 பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இதே திசையில் இன்னோர் அடி. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன்பே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்துகள் உள்ளிட்ட 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் திட்டம்.

கோடிகளின் காலம்

கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்துக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. எந்த மருந்தை போன் பேச்சிலேயே எழுதலாம், எதற்கு வீடியோவில் நோயாளியைப் பார்த்தே ஆகவேண்டும், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் எந்த மருந்துகளை எழுதவே கூடாது என்று அவை வரையறுத்தன. அதுவரை சட்டத் தெளிவில்லாமல் தயங்கி நின்ற டாக்டர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

மத்திய அரசின் இ-சஞ்ஜீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. பயன்பெற்றவர்களில் 57 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். நகரத்துக்குத் தனியாகப் போய்வர வாய்ப்பில்லாத பெண்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஓர் எண்ணிக்கையே சொல்லும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. நோயாளி தன் போனிலிருந்து நேரடியாக டாக்டரைக் கூப்பிடுவது ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்குப் போய், அங்குள்ள பணியாளரின் உதவியோடு டாக்டரிடம் பேசுவது மற்றொன்று. பெரும்பாலான ஆலோசனைகள் நடந்தது இரண்டாவது வழியில்தான். காரணம் எளிது. ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வீக்கம் எங்கே என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். எழுதிய மருந்தும் அங்கேயே கிடைக்க வாய்ப்பு உண்டு.

இனி செய்ய வேண்டியவை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்குத் தெருவும் தெரியும், ஆளும் தெரியும். இந்த வலைப்பின்னலோடு நிபுணர்களை முறையாக இணைத்துவிட்டால், நாட்டிலேயே முன்மாதிரியான தொலைமருத்துவ அமைப்பு தமிழ்நாட்டில் உருவாகிவிடும். அதற்குச் சில காரியங்கள் நடந்தாக வேண்டும்.

முதலாவது, நிபுணருக்குக் குறித்த நேரம். அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தோல் மருத்துவரோ நரம்பியல் நிபுணரோ, வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த களைப்பில் இடையிடையே செய்யும் உபரி வேலையாகத் தொலைமருத்துவம் இருக்கக்கூடாது. வாரத்தில் இந்த நாள், இந்த நேரம் என்று பணிப்பட்டியலில் இடம்பெற வேண்டும். கிராமத்தில் இருப்பவருக்கும் அந்த நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து. நிபுணர் எழுதும் மருந்து அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் ஆலோசனை வெறும் பேச்சாகிவிடும். நிபுணர் எழுதக்கூடிய மருந்துகளும் நிலையத்தின் இருப்புப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, தனிமை. கருப்பைப் பிரச்சினையையோ மனக்குழப்பத்தையோ பற்றிப் பேசவந்த பெண்ணைப் பத்துப் பேர் காத்திருக்கும் கூடத்தில் வைத்துத் திரையோடு பேசச் சொல்ல முடியாது. கதவுள்ள ஓர் அறை வேண்டும். மின்வெட்டிலும் நிற்காத யுபிஎஸ் வேண்டும். பழுது பார்க்க மாவட்ட அளவில் ஆள் வேண்டும்.

நான்காவது, கற்பித்தல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்ஜீவ் அரோரா 2003-இல் தொடங்கிய 'எக்கோ' திட்டம், நோயாளியை நிபுணரிடம் காட்டுவதைவிட, கிராமத்து டாக்டர்களை நிபுணர்களோடு வாராவாரம் வீடியோவில் உட்காரவைத்து, தங்கள் நோயாளிகளைப் பற்றி விவாதிக்கச் செய்தது. ஹெபடைடிஸ் சி நோயில் அந்த உள்ளூர் டாக்டர்கள் குணப்படுத்திய விகிதம் 58.2 சதவீதம்; பல்கலைக்கழக நிபுணர்களுடையது 57.5 சதவீதம். 2011-இல் வெளியான இந்த முடிவு, முறையாகக் கற்றுக்கொடுத்தால் கிராமத்து டாக்டரும் நிபுணருக்கு இணையாகச் சிகிச்சை தரமுடியும் என்று காட்டியது. நம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்த வாய்ப்பு நிரந்தரமாகக் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்தப் பக்கம் உட்காரும் பணியாளரின் வாழ்க்கை. செவிலியர், கண் பரிசோதகர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், தன்னார்வலர் ஆகியோரின் கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. அவர்களில் பலர் குறைந்த தொகுப்பூதியத்திலும் ஊக்கத்தொகையிலும் வேலை செய்கிறார்கள். பணி நிரந்தரம் இல்லாமல், பயிற்சிக்கு நேரம் இல்லாமல், பதிவேடுகளுக்கு நடுவே தவிக்கும் ஒருவரிடம் புதிதாக ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டு நவீன மருத்துவம் வந்துவிட்டது என்று அறிவிப்பது நியாயமில்லை.

வெட்ட வேண்டிய கட்டியை வெட்டவும், சிக்கலான பிரசவத்தைப் பார்க்கவும் ஆள் நேரில் இருந்தே ஆகவேண்டும். நிபுணர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குத் தொலைமருத்துவம் ஒருபோதும் சாக்காகிவிடக் கூடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவேண்டிய நோய்களுக்கும், ஒரு படத்தையோ ஈசிஜியையோ பார்த்து உடனே முடிவெடுக்க வேண்டிய தருணங்களுக்கும் இதைவிட நல்ல வழி இன்று நம்மிடம் இல்லை.

அடுத்த முறை ஒரு தொலைமருத்துவத் திட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை கணினி, எவ்வளவு வேக இணையம் என்ற கேள்விகளோடு நின்றுவிடாதீர்கள். கிராமத்து முனையில் யார் உட்காரப்போகிறார், அவருக்கு என்ன சம்பளம், யார் பயிற்சி கொடுக்கிறார்கள், மருந்து எங்கே கிடைக்கும், மூன்று மாதம் கழித்து வராத நோயாளியைத் தேடி யார் போவார் என்று கேளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கிராமசபையிலும் இந்த ஐந்து கேள்விகளையும் எழுப்புங்கள். பதில் சொல்லக்கூடிய திட்டங்களே நிலைக்கும்.